மினுக்கி பிழைத்த கதை

வட்டவளைக்கு மேலே இருக்கிற நரிமலைத் தேயிலைத் தோட்டத்தில், சண்டை நின்று சமாதானம் வந்த மறுவருஷம், பூனைகளுக்கு நல்ல காலம் பிறந்தது. அதுவரை அங்கே பூனை என்றால் எலி பிடிக்கிற ஒரு சாமான், அவ்வளவுதான். அதற்குப் பெயரும் கிடையாது, சொந்தக்காரரும் கிடையாது. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசைவீடுகளான லயங்களில், எந்த லயத்தில் அன்றைக்குக் கருவாடு வறுக்கிறார்களோ அந்த லயத்துப் பூனை.

சமாதானத்தோடு வெளிநாட்டு உதவியும் வந்தது. பாலம் கட்ட ஒரு நாடு, பள்ளிக்கூடம் கட்ட ஒரு நாடு, கூட்டம் போட்டுப் பேச நாலைந்து நாடுகள். எல்லாம் பங்கு போட்டு எடுத்தது போக, குளிர்தேசம் ஒன்று மட்டும் யாருக்கு உதவுவதென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. அந்தத் தேசத்துச் சீமாட்டிகளுக்குப் பூனை என்றால் உயிர். அவர்களுடைய பூனைகளுக்கு மார்பில் புற்றுநோய் வருகிறதாம். இரத்தத்தில் ஏதோ ஒரு பொருள் கூடி நோயைக் காட்டிக்கொடுக்குமாம், அதற்குக் குறிகாட்டி என்று பெயராம். அது எந்தப் பொருள் என்று சரியாகப் பிடித்துவிட்டால், நோய் முற்றும் முன்பே பூனையைக் காப்பாற்றிவிடலாம். பிடிப்பதற்கு நிறையப் பூனைகள் வேண்டும். மனிதர் நெருக்கியடித்து வாழும் இடத்தில் பூனைகளும் நெருக்கியடித்துத்தானே வாழும் என்று யாரோ ஒரு புத்திசாலி சொல்ல, 'மலைநாட்டுப் பூனை மார்புநோய்க் குறிகாட்டி ஆராய்ச்சி நிலையம்' நரிமலைக்கு வந்து சேர்ந்தது.

நிலையத்துக்கு ஒரு கட்டிடம் வேண்டுமே. தோட்டத்து ஆஸ்பத்திரியை, தோட்டத்தை நிர்வாகம் செய்கிற பெரிய தொரை தூக்கிக் கொடுத்துவிட்டார். கட்டில்களை அப்புறப்படுத்திவிட்டுக் கூடுகளை வைத்தார்கள். சனங்கள் டொக்டரையா என்று கூப்பிடுகிற மருந்துக்காரர் கஜேந்திரனுக்குப் பதவி உயர்ந்து, பூனைத் தொடர்பு அலுவலர் ஆனார். சட்டைப்பையில் பூனைத்தலை தைத்த வெள்ளைக் கோட்டு ஒன்றும் கிடைத்தது. மனிதர்களுக்குச் சனிக்கிழமை மட்டும், பின்பக்க ஜன்னல் வழியாக மருந்து கொடுத்தார்.

நிலையத்தின் பணிப்பாளர் கலாநிதி துரைராசா, யாழ்ப்பாணத்தவர். மனிதர் கெட்டவரில்லை. கெட்டவராக இருந்திருந்தால் நாலு ஏச்சு ஏசிவிட்டு இந்தக் கதையை இங்கேயே முடித்திருக்கலாம்.

நரிமலையில் எதுவும் பெரட்டு இல்லாமல் நடக்காது. விடிந்ததும் ஆட்களைக் களத்தில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு, எந்த மலைக்கு யார் என்று பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. ஆராய்ச்சிக்கு ஒழுங்கு வேண்டும் என்று துரைராசா சொன்னதைத் தொரை தன் பாஷையில் விளங்கிக்கொண்டார். ஆட்களுக்குப் பெரட்டு முடிந்த கையோடு பூனைகளுக்கும் பெரட்டு என்று உத்தரவு பிறந்தது. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை என்று இருக்கிற லயத்துக் காம்பரா ஒவ்வொன்றுக்கும் ஒரு பூனை கட்டாயம், அந்தப் பூனைக்கு ஒரு பெயர் கட்டாயம். பூனை வராவிட்டால் சொந்தக்காரருக்கு அன்றைக்கு அரைச் சம்பளம்தான்.

ஆறாம் லயத்துச் சோலைமலை கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடியை எந்த உயரத்தில் வெட்டுவது என்பதைத் தவிர உலகத்தில் வேறெதைப் பற்றியும் அவன் அபிப்பிராயம் வைத்துக்கொண்டதில்லை. அவன் காம்பராவில் பூனை இல்லை. அவன் மனைவி வீரம்மாதான் விறகுக் கட்டுக்குப் பின்னால் கிடந்த ஒரு சாம்பல்நிறப் பெட்டையைக் கருவாட்டுத் தலை காட்டிப் பிடித்து வந்தாள். எந்நேரமும் தன்னை நக்கித் துடைத்துக்கொண்டிருந்ததால் மினுக்கி என்று பெயர் வைத்தாள். கொழுந்துக் கூடைக்குள் உட்கார்த்தி, மேலே மழைக்குக் கட்டுகிற படங்குத் துண்டைப் போர்த்தி, தினம் காலையில் சோலைமலை அதைப் பெரட்டுக்குச் சுமந்து போனான்.

"ஆறாம் லயம், மினுக்கி!" என்று கங்காணி கூப்பிடுவார்.

"இருக்குங்க!" என்பான் சோலைமலை.

உதவி தரும் நாட்டுக்கு ஒரு கொள்கை இருந்தது. எந்தக் காரியத்திலும் ஆணும் பெண்ணும் சரிபாதி. ஆகையால் பெரட்டில் பாதி கடுவன் பூனைகளாக இருக்க வேண்டும் என்று எழுதி அனுப்பினார்கள். கடுவன்களையும் மல்லாத்திப் போட்டு அதே அக்கறையோடு மார்பைத் தடவினார் கஜேந்திரன். மாயாண்டி வீட்டுக் கடுவன் மானம் போனது தாங்காமல் அன்றைக்கே காட்டுக்குள் இறங்கிப் போனது, பிறகு திரும்பவில்லை. மாயாண்டிக்கு அரைச் சம்பளம்.

அடுத்தது பயிற்சி. பெண்களையெல்லாம் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் உட்கார வைத்துத் துரைராசா பேசினார். பக்கத்தில் வெள்ளைத் துணியில் தைத்த பொம்மைப் பூனை ஒன்று மல்லாந்து கிடந்தது.

"அம்மாமார், கிழமைக்கு ஒருக்கால் உங்கட பூனையை மல்லாத்திப் போட்டு, எட்டு முலையையும் விரல் நுனியால வட்டம் வட்டமாத் தடவிப் பாக்கவேணும். மிளகளவு கட்டி எண்டால் பயமில்லை. பட்டாணியளவு எண்டால் கவனம். நெல்லிக்காயளவு எண்டால் அண்டைக்கே ஓடி வாங்கோ. ஒரு நாள் பிந்தினாலும் ஆபத்து. வெக்கப்படாதேங்கோ. ஒரு உயிரைப் பாத்துக்கொண்டு சாக விடுற சமூகம் நாகரிகமான சமூகம் இல்லை."

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் கொழுந்து கிள்ளுகிற விரல்களுக்கு அந்த வேலை சுலபமாக வந்தது. வீரம்மாவுக்கு மற்ற எல்லாரையும்விட நன்றாக வந்தது. கஜேந்திரன் அவளைக் கூப்பிட்டு, பொம்மையில் மற்றவர்களுக்குச் செய்து காட்டச் சொன்னார்.

வாரம் தவறாமல் மினுக்கியைத் தடவிப் பார்த்தாள். மினுக்கிக்கு ஒன்றுமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துத் தண்ணீர்ப் பீலியில் குளித்துக்கொண்டிருந்தபோது, பழகின விரல் சும்மா இருக்குமா, அது தன்பாட்டில் அவளுடைய மார்பில் வட்டம் போட்டது. ஈரச்சேலையோடு காம்பராவுக்கு வந்து வாசலில் நின்றாள்.

"ஏங்க, நெல்லிக்காங்க."

"எங்க? யாரு குடுத்தா?"

"நெல்லிக்கா அளவுங்க."

"மினுக்கிக்கா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். மாராப்பை இறுகப் பிடித்திருந்த கையைப் பார்த்த பிறகுதான் சோலைமலைக்கு விஷயம் ஏறியது. அன்று இரண்டு பேரும் சோறு தின்னவில்லை.

சனிக்கிழமை பின்பக்க ஜன்னலுக்குப் போனார்கள். ஜன்னல் கம்பி வழியாக மார்பை எப்படிக் காட்டுவது? வீரம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சோலைமலைதான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான். கஜேந்திரன் பெனடோல் மாத்திரை இரண்டு கொடுத்தார்.

"டொக்டரையா, பெரியாஸ்பத்திரிக்கு ஒரு துண்டு எழுதிக் குடுங்க. துண்டு இல்லாம லீவு தர மாட்டாங்க."

"துண்டு எழுதணும்னா நான் ஆளத் தொட்டுப் பாக்கணும் சோலைமல. பூனையத் தொடுற கையால ஆளத் தொடக் கூடாதுன்னு நிலையத்துல சட்டம் போட்டிருக்காங்க. தொற்று வந்துருமாம்."

"நமக்குங்களா?"

"பூனைக்கு" என்றார் கஜேந்திரன். சொல்லும்போது அவரும் சுவரைத்தான் பார்த்தார்.

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று சோலைமலை நேரே துரைராசாவிடம் போனான். அவர் மேசையில் அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. அதன் மேல் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம், சிரித்தபடி மார்பில் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, பூனைச் சாமான்ல பொம்பளப் படம் போட்டிருக்காங்களே?"

துரைராசாவுக்கு இப்படிக் கேள்வி கேட்கிறவர்களைப் பிடிக்கும். "நல்ல கேள்வி. உது பெண்களின்ர இரத்தத்தைச் சோதிக்கவெண்டு செய்த சாமான். பூனைக்கெண்டு ஒருத்தரும் செய்யிறேல்லை. நாங்கள் இதைக் கஷ்டப்பட்டுப் பூனைக்குப் பழக்கிறம். இன்னும் சரியாப் பிடிபடேல்லை."

"பொம்பளைங்களுக்குப் பிடிபடுங்களா?"

"ஓரளவுக்குக் காட்டும். முத்தினது எண்டால் திறமாக் காட்டும்."

சோலைமலை கையைக் கூப்பினான். "அப்ப என் சம்சாரத்துக்கு ஒரு சொட்டுப் பாத்துச் சொல்லுங்கய்யா. நெல்லிக்கா அளவு இருக்குங்க."

துரைராசா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "சோலைமலை, விளங்கிக்கொள்ளும். நான் கால்நடை அமைச்சுக்குக் கீழ. உம்மட மனிசி சுகாதார அமைச்சுக்குக் கீழ. அவவின்ர இரத்தத்தை நான் தொட்டால் ஒரு அமைச்சு மற்ற அமைச்சின்ர வேலிக்குள்ள கையை விட்ட மாதிரி. ஆனா ஒண்டு சொல்லுறன். இந்த ஆராய்ச்சி முடிவில பெண்களுக்காகத்தான். பூனைக்கு வாற நோயும் பெண்களுக்கு வாற நோயும் அக்கா தங்கச்சி மாதிரி. பூனையில நாங்கள் வெண்டிட்டால் நாளைக்கு உலகத்துப் பெண்களெல்லாம் பிழைப்பினம். உம்மட மனிசியும் உலகத்துப் பெண்தானே? கொஞ்சம் பொறுமையா இருக்கச் சொல்லும்."

சோலைமலை அதையும் வீட்டில் வந்து சொன்னான். உலகத்துப் பெண் அப்போது அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள்.

இந்த நேரத்தில் பூனைகள் உதவிக்கு வந்தன. இரத்தம் எடுக்கப் போன எல்லாரையும் அவை பிறாண்டி வைத்ததில், கஜேந்திரன் இரண்டு கையிலும் கட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தார். பூனைக்கு மணி கட்டுவது யார் என்று கூட்டம் கூடி யோசித்து, சொந்தக்காரரே கட்டட்டும் என்று முடிவு செய்தார்கள். வீட்டுக்கு வீடு ஒரு தடித்த அட்டையும் சின்ன ஊசியும் கொடுத்தார்கள். பூனையின் காதுமடலில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தை அட்டையில் உள்ள வட்டத்தில் வைத்து, காயவிட்டுப் பெரட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அட்டையின் மூலையில் பூனையின் இலக்கம் ஏற்கனவே அடித்திருந்தது.

சோலைமலை அட்டையைப் பார்த்தான், மினுக்கியைப் பார்த்தான், பிறகு வீரம்மாவைப் பார்த்தான்.

"எனக்கு எதுக்குங்க பூன அட்ட? பாவம் புடிச்ச வேல."

"பெட்டியில ஒன்ன மாதிரி பொம்பளப் படம்தான் போட்டிருக்கு புள்ள. மிசுனுக்கு யாரு எவருன்னு தெரியவா போகுது? பாத்துச் சொல்லிடும்."

கொழுந்து கிள்ளித் தடித்துக் கறுத்த அவளுடைய விரலில் பூனை ஊசி ஏறவில்லை. கடைசியில் பூனைக்குச் செய்கிற மாதிரியே காதுமடலில் குத்தினான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மினுக்கி பக்கத்தில் உட்கார்ந்து தன் காலை நக்கிக்கொண்டிருந்தது.

அதுவரை ஒரு பூனைக்கும் அசையாத இயந்திரம் அந்த அட்டைக்கு எகிறிக் குதித்தது. நிலையத்தில் கேக் வெட்டினார்கள். குளிர்தேசத்துக்குத் தொலைபேசி போனது. பெரட்டு நடந்துகொண்டிருக்கும்போதே துரைராசா களத்துக்கு ஓடிவந்தார்.

"பிடிபட்டிட்டுது! மினுக்கிக்கு உச்சத்தில நிக்குது! உடனே ஒப்பரேசன் செய்யவேணும்!"

சோலைமலை கூடையைக் கீழே இறக்கி வைத்தான். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கூடைக்குள் இருந்த மினுக்கியை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

"ஐயா, அது மினுக்கியோட ரத்தம் இல்லைங்க. என் சம்சாரத்தோட ரத்தங்க."

துரைராசா அவனைத் தள்ளிக்கொண்டு தேயிலைச் செடிப் பக்கம் போனார். குரலைத் தாழ்த்தினார்.

"அட்டையில மினுக்கியின்ர இலக்கம். இலக்கம் பொய் சொல்லாது, மனிசர்தான் சொல்லுவினம். சரி, நீர் சொல்லுறது உண்மை எண்டு வையும். அப்ப சோதனைக்கு எடுத்த மாதிரி பழுது. மாதிரி பழுதெண்டால் நிலையத்தை மூடுவினம். மூடினால் இந்தப் பூனையளின்ர கதி என்ன? ஒரு உயிருக்காக இவ்வளவு உயிரையும் பலி குடுக்கலாமோ? வடிவா யோசிச்சுச் சொல்லும். அது ஆரின்ர இரத்தம்?"

சோலைமலை யோசித்தான். யோசிப்பது அவனுக்குப் பழக்கமில்லாத வேலை. "சோதிச்ச தாளத் தருவீங்களா?"

"சொந்தக்காரருக்குப் பிரதி குடுப்பம்."

"அப்ப மினுக்கியோடதுதாங்க" என்றான்.

மினுக்கியைக் கழுத்திலிருந்து தொடை வரைக்கும் கிழித்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை. அதற்காகத் துரைராசா கலங்கிவிடவில்லை. "இதுதான் குறிகாட்டியின்ர மகிமை! கட்டி வாறதுக்கு முதலே பிடிச்சிட்டம்!" என்று அறிக்கை எழுதினார். கட்டி எதுவும் இல்லாததே கண்டுபிடிப்பின் சிறப்பு என்று குளிர்தேசத்திலிருந்து பாராட்டு வந்தது.

சோலைமலை தனக்குக் கொடுத்த சோதனைத் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, டவுனில் இருந்த பெரியாஸ்பத்திரிக்குப் போனான். வீரம்மா கூட வரவில்லை. முதலில் நீங்கள் காட்டிவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டாள். வரிசையில் நின்று தாளை நீட்டினான். சிங்கள வைத்தியர், இளம்பிள்ளை, எண்ணைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு மேலே இனம் என்ற இடத்தைப் பார்த்தார்.

"மேக்க பூசெக்கேனே!" என்று சிரித்தார். இது பூனையுடையதல்லவா என்று பக்கத்திலிருந்த நர்சுக்கும் காட்டினார். வரிசையும் சேர்ந்து சிரித்தது. சோலைமலை தனக்குத் தெரிந்த சிங்களத்தில் என்னவோ சொன்னான். வைத்தியர் சிரிப்பை நிறுத்திவிட்டு, மனைவிக்கு நோய் என்றால் மனைவியைக் கூட்டி வா, தோட்டத்துத் துண்டோடு வா என்று சொன்னார். அதில் ஒரு பிழையும் இல்லை.

ஆனால் அதற்குள் கதை டவுன் பஸ்ஸில் ஏறித் தோட்டத்துக்கு வந்துவிட்டது. பூனைத் துண்டைக் காட்டிப் பொண்டாட்டிக்கு மருந்து கேட்டவன் என்று பீலியில் பேசிச் சிரித்தார்கள்.

"ஊரே சிரிக்க வெச்சிட்டீங்க" என்றாள் வீரம்மா. "இனிமே எந்த ஆசுபத்திரிக்கும் நான் வரமாட்டேன். எங்க போனாலும் பூனன்னுதான் பாப்பாங்க."

அவன் கெஞ்சினான், அதட்டினான், ஒருநாள் அழவும் செய்தான். அவள் மாராப்பை இறுக்கிக்கொண்டு கொழுந்துக்குப் போனாள். நெல்லிக்காய் எலுமிச்சங்காயானது. எலுமிச்சங்காய்க்கு நிலையத்தின் அளவில் இடமில்லை.

மினுக்கிக்குப் புண் ஆற வேண்டும் என்று நிலையத்திலிருந்து ஒரு கம்பளி கொடுத்தார்கள், பால் வந்தது. கட்டு மாற்றக் கஜேந்திரனே தினமும் காம்பராவுக்கு வந்தார். வீரம்மா வேலைக்குப் போகாமல் படுத்துவிட்ட பிறகும் வந்தார். ஒருநாள் குனிந்து கட்டுப் பிரித்தவர் முகத்தைச் சுளித்தார்.

"பூனப் புண்ணு நல்லா ஆறிப்போச்சே. அப்புறம் என்ன இப்பிடி வாடை?"

சுவரோரம் பாயில் கிடந்த வீரம்மா போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டாள். கஜேந்திரன் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு பையைத் திறந்து, புண்ணுக்குப் போடும் பவுடர் டப்பா முழுசையும், கட்டுத்துணி ஒரு பந்தையும் எடுத்துப் பூனையின் கம்பளி மேல் வைத்தார்.

"இது மினுக்கிக்கு. கொஞ்சம் கூடவே வெச்சிருக்கேன்" என்றார். மறுநாள் துண்டும் எழுதிக் கொடுத்தார், தொடாமலே.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். வரமாட்டேன் என்று சொல்ல வீரம்மாவுக்கு இப்போது தெம்பில்லை. டவுனிலிருந்து மகரகமவில் இருக்கிற புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே நல்லபடியாகத்தான் பார்த்தார்கள். ஏன் முன்பே வரவில்லை என்று கேட்டார்கள். முன்பே வந்த கதையைச் சொல்லச் சோலைமலைக்குத் தைரியம் வரவில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். கொழுந்து நன்றாகத் துளிர்த்திருந்த ஒரு மழைநாளில் வீரம்மா கண்ணை மூடினாள். தோட்டத்து வழக்கப்படி அன்று பாதி நாளோடு வேலையை நிறுத்தினார்கள். பூனைப் பெரட்டை நிறுத்த வழக்கம் எதுவும் இல்லாததால் அது நடந்தது.

கருமாதி முடிந்த கையோடு நிலையத்திலிருந்து இன்னொரு அட்டை வந்தது. சிகிச்சைக்குப் பிறகு மினுக்கியின் குறிகாட்டி எப்படி இருக்கிறதென்று பார்க்க வேண்டுமாம். சோலைமலை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். போனமுறை குத்திய காது இப்போது எங்கே இருக்கிறது? பிறகு மினுக்கியை மடியில் எடுத்து, அதன் காதில் குத்தினான்.

முடிவு வந்த அன்று துரைராசா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்ததாகச் சொல்வார்கள். அடுத்த மாதமே விழா எடுத்தார்கள். மடுவத்தில் மேடை, சோடனை, மேளம். குளிர்தேசத்திலிருந்து ஒரு சீமாட்டி வந்திருந்தார். கழுத்தில் சிவப்பு நாடா கட்டிய மினுக்கியை மடியில் வைத்துக்கொண்டு சோலைமலை நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

துரைராசா உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார். "ஒரு ஏழைத் தோட்டத்து லயத்தில, ஒருத்தரும் எட்டிப் பாக்காத ஒரு சீவனுக்குள்ள நோய் இருந்தது. நாங்கள் கண்டுபிடிச்சம். நேரத்துக்குக் கண்டுபிடிச்சம்! உச்சத்தில நிண்ட குறிகாட்டி இண்டைக்கு எவ்வளவு தெரியுமோ? ஒண்டுமில்லை! துடைச்சு விட்ட மாதிரி! உலகத்தில எந்த மருந்தாலயும் இப்பிடி நடந்ததில்லை. அது எங்க போச்சுது? எங்க போச்சுது எண்டு கேக்கிறன்!"

கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. சொந்தக்காரர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். சோலைமலை எழுந்தான். ஒலிபெருக்கி அவன் மூச்சையும் பெரிதாக்கிக் காட்டியது.

"ஐயா கேட்டாங்க, எங்க போச்சுன்னு." அவன் மினுக்கியின் முதுகைத் தடவினான். "ஆத்தோரத்துல, சவுக்கு மரத்துக்குக் கீழ இருக்குங்க. நான்தான் மொத மண்ணு போட்டேன்."

மடுவத்தில் இருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கஜேந்திரன் எழுந்து வெளியே போனார். சீமாட்டி, இவர் என்ன சொல்கிறார் என்று ஆவலோடு கேட்டார். துரைராசா ஒரு கணம் சோலைமலையின் முகத்தைப் பார்த்தார். பிறகு சீமாட்டியின் பக்கம் குனிந்து, அவர் நன்றி சொல்கிறார் என்றார். சீமாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் கைதட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள்.

மறுநாள் காலையில் மழை. சோலைமலை வீரம்மாவின் கொழுந்துக் கூடைக்குள் மினுக்கியை உட்கார்த்தி, படங்குத் துண்டைப் போர்த்தி, களத்துக்குச் சுமந்து போனான். ஆட்களின் பெரட்டில் ஆறாம் லயத்தில் ஒரு பேர் குறைந்திருந்தது. கங்காணி அதைத் தாண்டிப் போய் முடித்துவிட்டு, பூனைகளைக் கூப்பிடத் தொடங்கினார்.

"ஆறாம் லயம், மினுக்கி!"

"இருக்குங்க" என்றான் சோலைமலை.